எதிர்க்கட்சி கையில் மைக்

தெருவில் எல்லோரும் அவரை எதிர்க்கட்சி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. மின்சார ரசீதைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இல்லை. யார் ஆட்சிக்கு வந்தாலும் அவர் எதிர்க்கட்சி. போன தேர்தலில் அவர் ஓட்டுப் போட்ட கட்சியே ஜெயித்தது. முடிவு வந்த அன்று சாயங்காலமே அதைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"பதவியேற்பாவது முடியட்டுமேங்க," என்றாள் மனைவி.

"முடிஞ்சப்புறம் திட்டினா எல்லாரையும் போலத்தானே ஆகும். நான் முன்கூட்டியே திட்டிடறேன்."

சாயங்காலச் செய்தி விவாதம் தொடங்கும் நேரத்தில் அவர் வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்குத் தனியாகத் தொலைக்காட்சி தேவைப்படாது. "ஏன்யா, கேட்ட கேள்வி என்ன, நீ சொல்ற பதில் என்ன?" என்று திரையைப் பார்த்து ரிமோட்டை ஆட்டுவார். கட்சி விட்டுக் கட்சி தாவியவரைக் கண்டால் நாற்காலியை விட்டே எழுந்துவிடுவார். ஒரே பாலத்தை இரண்டு தடவை திறந்து வைத்த அமைச்சர், நாடாளுமன்றத்தில் கொட்டாவி விட்ட உறுப்பினர், பெட்ரோல் விலை ஏறியதற்கு வெளிநாட்டைக் காரணம் காட்டிய பேச்சாளர் எல்லோருக்கும் அந்த முன்னறையில் செம பூசை கிடைத்தது. அவங்களுக்குக் கேட்காதுங்க என்று மனைவி சமையலறையிலிருந்து சொல்வாள். கேட்காது என்பது அவருக்கும் தெரியும்.

வெறும் வாய்ச்சவடால் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தினமும் இரண்டு நாளிதழ்களை ஓரம் விடாமல் படிக்கிற மனிதர். வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறைத்தார்கள், ஆஸ்பத்திரிக்கு என்ன குறைத்தார்கள் என்று கேட்டால் மளமளவென்று சொல்வார். அவருடைய கோபம் உண்மையான கோபம். அந்த மட்டில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

வேலை மத்தியப் பேருந்து நிலையத்தில். அறிவிப்பாளர். மாடிப்படியின் நடுவில் தொங்குகிற மாதிரி ஒரு கண்ணாடி அறை, உள்ளே ஒரு மேசை, ஒரு மைக். மைக்கின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். நிலையம் முழுவதும் அவர் குரல் கேட்கும். நேரக் காப்பாளர் கீழேயிருந்து துண்டுச்சீட்டு அனுப்புவார். அதில் இருப்பதை அவர் படிக்க வேண்டும். சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வார்த்தை சேர்த்ததற்காக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த மைக்கில் அவர் குரலைக் கேட்டால் தெருவில் கத்துகிற ஆள் இவர்தானா என்று சந்தேகம் வரும். தேனில் குழைத்த குரல். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நான்காவது நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய பேருந்து தாமதமாகப் புறப்படும். பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." பொத்தானிலிருந்து விரலை எடுப்பார். விளக்கு அணைந்ததா என்று ஒரு பார்வை பார்ப்பார். அப்புறம்தான் வாய் திறக்கும். "வண்டி ரிப்பேருன்னு நேரா சொல்லித் தொலைங்கடா. டயர் மாத்த வக்கில்ல, வருந்துறாங்களாம்."

விளக்கைப் பார்க்காமல் அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. நேரக் காப்பாளர் ஒருமுறை சீட்டு கொடுக்க மேலே வந்தபோது இதைக் கேட்டுச் சிரித்தார். "அண்ணே, உங்களுக்குள்ள ரெண்டு ஆள் குடியிருக்காங்க. ஒருத்தர் வாடகை குடுக்கறாரு, இன்னொருத்தர் சும்மா இருக்காரு," என்றார். எதிர்க்கட்சிக்கும் சிரிப்பு வந்தது. அப்போது அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லாமல் இருந்தது.

அவருக்கு ஒரு தங்கை. மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். தெருவைத் தாண்டி, சந்தையைத் தாண்டினால் அரசு மருத்துவமனை. சின்னதுதான், ஆனால் அங்கே ரத்தம் சுத்தம் பண்ணுகிற இயந்திரங்களுக்கென்று ஓர் அறை இருந்தது. அவளே நடந்து போவாள். முடிந்து வெளியே வரும்போது தலை சுற்றும். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். எதிர்க்கட்சி வேலை முடிந்து வரும் வழியில் கூட்டிக்கொண்டு வருவார். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு. அதற்காக அவர் தானும் அவள் எதிரில் தண்ணீர் குடிக்கமாட்டார், சமையலறைக்குள் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

போன வருடம் தலைநகரத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். சின்ன மருத்துவமனைகளில் சிதறிக் கிடக்கிற பெரிய இயந்திரங்களையெல்லாம் தலைமை மருத்துவமனைகளில் ஒன்று சேர்த்தால் செலவு குறையும், தரம் கூடும் என்றார்கள். நாடாளுமன்றத்தில் மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள். ஒரு நாள் காலை லாரி வந்தது. இயந்திரங்கள் போயின. அறைக் கதவில் பூட்டு தொங்கியது.

தலைமை மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். போகும்போது பரவாயில்லை. திரும்பி வரும்போதுதான் உயிர் போய்விடும். பேருந்திலேயே வாந்தி எடுத்தாள். ஒரு நாள் நிறுத்தத்தில் இறங்கியவள் அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். பழக்கடைக்காரி பார்த்துத் தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் போகாமல் இருக்கக் காரணம் தேட ஆரம்பித்தாள். மழை என்றாள். இன்னைக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு என்றாள். முகம் உப்பியது. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. இப்படி விட்டு விட்டு வந்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் எதிர்க்கட்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "திறக்கும்போது மாலை போட்டுக்கிட்டு வந்தானே, மூடும்போது எவனாவது வந்தானா? அவன் வீட்டு ஆளை ரெண்டு பஸ் மாறிப் போகச் சொல்லிப் பாரு."

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. சுகாதாரத் துறை அமைச்சர், நாட்டுக்கே அமைச்சர், நேரில் வருகிறார். ஊர் ஊராகப் போய் மக்களைச் சந்திக்கிற தொலைக்காட்சி நிகழ்ச்சி. மேல்நிலைப் பள்ளியின் பெரிய கூடத்தில் நடக்கும். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்பதை நாடே பார்க்கும்.

தெருக்காரர்கள் மெக்கானிக்கின் பட்டறையில் கூடினார்கள். யார் பேசுவது? முனையில் குடியிருந்த டீச்சரம்மா தயாராகத்தான் வந்திருந்தார். பூட்டிய அறையால் எத்தனை குடும்பம் தவிக்கிறது என்று அவர் வீடு வீடாக விசாரித்து வைத்திருந்தார். ஆனால் மெக்கானிக் விடவில்லை.

"டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. எதிர்க்கட்சி இருக்கும்போது நமக்கு வேற ஆள் எதுக்கு? மனுஷன் மைக்கிலேயே பொழைக்கிறவரு. நமக்கெல்லாம் மைக்கைப் பார்த்தா நாக்கு ஒட்டிக்கும். அவருக்கு அது தண்ணி பட்ட பாடு. அதோட, அவர் தங்கச்சி விஷயமும் இருக்கு."

டீச்சரம்மா ஒரு கணம் யோசித்தார். "சரி, அவரே கேக்கட்டும். ஆனா கேள்வியாக் கேளுங்க சார். பிரசங்கம் பண்ணிடாதீங்க," என்றார்.

எதிர்க்கட்சிக்குத் தரையில் கால் பாவவில்லை. எத்தனை வருடமாகத் தொலைக்காட்சிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களிடம் கத்திக்கொண்டிருந்தார். இப்போது அதில் ஒருத்தன் நேரிலேயே வருகிறான். முகச்சவரம் செய்யும்போது பேசிப் பார்த்தார். குளிக்கும்போது பேசிப் பார்த்தார். தங்கையை நாற்காலியில் உட்கார வைத்து, அமைச்சராக நினைத்துக்கொண்டு விளாசினார். அவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க, உங்களுக்கு என்ன குறை?" என்று அமைச்சர் தோரணையில் கேட்டாள். அவர் போட்ட போட்டில் சிரிப்பை அடக்க முடியாமல் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"இப்படிக் கத்தினா உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. இதெல்லாம் வேணாம்ணா. எங்க ரூமை எப்பத் திறப்பீங்க, அது ஒண்ணு கேளு போதும். பதில் சொல்றானா இல்லையான்னு ஊர் பார்க்கட்டும்."

அவள் சொன்னது சரி என்று அவருக்கே பட்டது. ஒரே கேள்வி. எப்பத் திறப்பீங்க?

நிகழ்ச்சிக்கு அவளும் வந்தே தீருவேன் என்றாள். அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். தெருவே பின்னால் இருந்தது. மேடையில் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. தொலைக்காட்சியில் பார்த்ததைவிட அமைச்சர் சின்ன ஆளாக இருந்தார். ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு, பொறுத்துக்கணும்," என்று கேட்டுக்கொண்டார். எதிர்க்கட்சிக்கு அது பிடிக்கவில்லை. திட்டப்போகிற ஆள் இப்படி மனுஷனாக வந்து நிற்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அவர் முறை வந்தது. காதில் கருவி மாட்டிய பெண் ஒருத்தி கையில் மைக்கைத் திணித்தாள். "சார், சிவப்பு லைட் எரிஞ்சதும் பேசுங்க."

சிவப்பு விளக்கு எரிந்தது.

அது எரிந்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. தொண்டை தானாகச் சரியாகிக்கொண்டது. இத்தனை வருடம் அந்த விளக்கின் முன்னால் என்ன குரல் வந்ததோ அதே குரல் வந்தது. "அனைவருக்கும் வணக்கம். மாண்புமிகு அமைச்சர் அவர்களை எங்கள் பகுதி மக்களின் சார்பில் அன்புடன் வரவேற்கிறோம்." பின்னால் இருந்த தெருக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். முகமன் இல்லாமல் எப்படித் தொடங்குவது? "எங்கள் பகுதி மருத்துவமனையில் இயங்கிவந்த டயாலிசிஸ் பிரிவு தலைமை மருத்துவமனைக்கு மாற்றப்பட்டுள்ளது." சரியான வாக்கியம். பிழை எதுவும் இல்லை. அடுத்து வர வேண்டியது அந்த ஒரே கேள்விதான்.

ஆனால் அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை மைக்கில் சொல்லி முடித்தால் அடுத்ததாக என்ன வரும் என்பது அவருடைய நாக்குக்குத் தெரியும். எத்தனையோ ஆயிரம் முறை சொன்னது. அது அவரைக் கேட்காமலே வந்துவிட்டது.

"பொதுமக்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

அமைச்சர்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் கூடமே தட்டியது. "பாத்தீங்களா? எவ்வளவு பக்குவமான பேச்சு. கொஞ்சம் சிரமம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா நாட்டு நலனுக்காக மக்களே புரிஞ்சுக்கிட்டு ஒத்துழைப்புக் குடுக்கறாங்க. இதைவிட எங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

எதிர்க்கட்சி வாயைத் திறந்தார். விளக்கு அணைந்திருந்தது. அந்தப் பெண் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். "இல்ல சார்..." என்றார். பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்கவில்லை. கத்தியிருக்கலாம். அவர் கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும் என்பது ஊரறிந்த விஷயம். விளக்கு அணைந்த பிறகு திட்டுவதுதானே அவருக்குக் கைவந்த கலை. அன்றைக்கு அதுவும் வரவில்லை.

நிகழ்ச்சி முடிந்து இறங்கி வந்த அமைச்சர் நேராக அவரிடம் வந்தார். தோளில் கை போட்டார். படம் பிடிக்கிறவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எதிர்க்கட்சி சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவரால் மன்னிக்க முடியவில்லை. நாக்கு செய்ததைப் பழக்கதோஷம் என்று சொல்லிவிடலாம். சிரிக்கச் சொல்லி யாரும் சீட்டு அனுப்பவில்லை. நாட்டுக்கே அமைச்சர் தன் தோளில் கை போட்டிருக்கிறார் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு அவர் முன்வரிசையைப் பார்த்தார். தங்கை அவரைப் பார்க்காமல் குனிந்து, வீங்கிய காலைச் செருப்புக்குள் நுழைக்க முயன்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது மெக்கானிக் வேறு வழியாகப் போய்விட்டார். டீச்சரம்மா மட்டும் அவர் வீட்டு வாசலில் நின்று, "பரவாயில்ல சார், யாருக்கும் வர்றதுதான்," என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவருக்கு.

தொலைக்காட்சியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். 'ஒத்துழைப்புக்கு நன்றி: அமைச்சரை நெகிழவைத்த குடிமகன்' என்று கீழே எழுத்து ஓடியது. அவர் தொலைக்காட்சியை அணைத்தார். எதிர்வீட்டில் அணைக்கவில்லை. அங்கேயிருந்து அவருடைய சொந்தக் குரல், அழகாக, ஒரு பிசிறு இல்லாமல் இங்கே வந்தது. காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மனைவி பார்க்கிறாளே என்று சும்மா இருந்தார். இரண்டு நாள் கழித்து, மக்களே வரவேற்பதால் இந்தத் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்படும் என்று செய்தியில் சொன்னார்கள். சொல்லும்போது பின்னணியில் ஓடிய படத்தில் அவர்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் சீட்டைக் கொடுத்துவிட்டு, "என்னண்ணே, ஒரே சாயங்காலத்துல ஆளுங்கட்சி ஆயிட்டீங்க," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எதிர்க்கட்சி சீட்டைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்தினார். சிரமத்திற்கு வருந்துகிறோம் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தபோது கீழே நின்ற பயணிகளில் சிலர் நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தார்கள், தங்களுக்குள் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

சும்மா இருந்துவிடவில்லை. தொலைக்காட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். நான் கேட்க வந்தது வேறு, வாய் தவறிவிட்டது, அதை ஒளிபரப்புவதை நிறுத்துங்கள் என்று கேட்டார். எதிர்முனையில் இருந்த இளைஞன் மிகவும் மரியாதையாகப் பேசினான். "சார், நீங்க பிரமாதமாப் பேசினீங்க. தவறுன மாதிரியே தெரியலையே," என்றான்.

தங்கை அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலை அவரே கேட்டார். "ஏதாவது திட்டேன். மனசுல வச்சிக்கிட்டு இருக்காதே."

"திட்டினா உனக்குப் பாரம் இறங்கிடும்," என்றாள். "அதான் திட்டல."

சாயங்கால விவாதத்தை அவர் பார்ப்பதை நிறுத்தினார். முன்னறை அமைதியாக இருந்தது. சத்தம் சத்தம் என்று வருடக்கணக்காகச் சலித்துக்கொண்ட மனைவிதான் ஒரு நாள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானே தொலைக்காட்சியைப் போட்டாள். "ரெண்டு வார்த்தை திட்டுங்களேன். வீடு வீடா இல்ல," என்றாள். திரையில் ஒருவர் விலைவாசி குறைந்துவிட்டது என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சிக்குத் தொண்டை வரை வந்தது. நீ யார் அவனைக் கேட்க என்று உள்ளே ஒன்று கேட்டது. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமும் தங்கை ஒரு முறை போகவில்லை. அடுத்த முறை அவர் விடுப்புப் போட்டுவிட்டுத் தானே கூட்டிக்கொண்டு போனார். முதல் பேருந்தில் இடம் கிடைத்தது. இரண்டாவதில் நின்றுகொண்டே போனார்கள். தலைமை மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு வாசலில் இருந்த நடைகூடம் முழுக்க ஆட்கள். சின்ன ஊர்களிலிருந்து எடுத்து வந்த இயந்திரங்களில் பாதி இன்னும் பிரிக்கப்படாமல் சுவரோரம் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. ஒரு பெட்டியின்மேல் யாரோ சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் அதே உப்பிய முகம், அதே வீங்கிய கால். இதைத்தான் பக்குவமாகப் புரிந்துகொண்டோம் என்று அவர் நாட்டுக்குச் சொல்லியிருந்தார்.

தங்கைக்கு முன்னால் ஒரு பெயிண்டர் காத்திருந்தார். விரல் நகங்களில் பழைய பச்சை வர்ணம் இன்னும் போகாமல் இருந்தது. கூட மனைவி. இவர்களைவிடத் தொலைவிலிருந்து வந்தவர்கள். விடிவதற்கு முன்பே புறப்பட்டார்களாம். அடுத்து உள்ளே போக வேண்டியவர் பெயிண்டர்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

உள்ளேயிருந்து நர்ஸ் வந்தாள். பெயிண்டர் எழுந்திருக்கத் தயாரானார். நர்ஸ் அவரைத் தாண்டி வந்து எதிர்க்கட்சியின் முன்னால் நின்றாள்.

"சார், டிவியில அமைச்சர்கூட வந்தது நீங்கதானே? எங்க பெரிய டாக்டர் ஜன்னல் வழியாப் பார்த்துட்டார். உங்க தங்கச்சியா இவங்க? முதல்ல இவங்களைப் படுக்க வைக்கச் சொல்லிட்டார். இனிமே நீங்க காத்திருக்க வேணாம், வந்ததும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க."

அவருக்கு முகம் கன்றிப் போயிற்று. "இல்லம்மா, இவர் முறை..." என்றார். குரல் உள்ளேயே போய்விட்டது.

"பெரிய டாக்டர் சொன்னா நாங்க என்ன சார் பண்றது?" என்று நர்ஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் தங்கையின் பக்கம் குனிந்தார். "வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லேன்," என்றாள் அவள்.

அவர் சொல்லவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவருக்குக் கேட்டது. போன முறை தவறவிட்டது. டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது. சிபாரிசில் உள்ளே போகிறவர்களைப் பற்றி அவர் வாழ்நாள் முழுக்கப் பேசியது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. பெயிண்டரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் உட்கார்ந்திருப்பாள் என்றுதான் தோன்றுகிறது.

"சொல்லமாட்டே," என்றாள் கடைசியில். "சரி, வெட்கப்படறதை அப்புறம் வச்சுக்கோ. கையைக் குடு. என்னால நிக்க முடியல."

கை கொடுத்தார். அவள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். போய்விடலாம் என்றால் முடியாது. அவள் வெளியே வரும்போது தலை சுற்றும். பெயிண்டரின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வரட்டும் என்று மனதார விரும்பினார். நாலு பேர் எதிரில் சட்டையைப் பிடித்து உலுக்கினாலும் வாங்கிக்கொண்டு நிற்கத் தயாராக இருந்தார். அவள் எழுந்து வந்தாள். தலையில் இருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஐயா, நீங்க அமைச்சருக்கு வேண்டியவருங்களா?"

இல்லை என்பதுதான் பதில். நான் பேருந்து நேரம் படிக்கிறவன், அந்த ஆளுக்கு என் பெயர்கூடத் தெரியாது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் பக்கத்திலேயே வார்டு ஆள் நின்றுகொண்டிருந்தான். அவன் காதில் விழும். நாளைக்கு மறுநாள் தங்கை மறுபடி இங்கே வர வேண்டும். அதற்கு அடுத்தும் வர வேண்டும்.

"ம்," என்றார்.

"எங்க ஊர் ஆஸ்பத்திரியிலயும் மிஷினை எடுத்துட்டாங்கய்யா. இவருக்கு இவ்வளவு தூரம் தாங்கல. நாங்க சொன்னா யார் கேக்கறாங்க? நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

எதிர்க்கட்சி நிமிர்ந்தார். எதிரில் மைக் இல்லை, விளக்கு இல்லை. ஆனாலும் அந்தக் குரல்தான் வந்தது, கனிவாக, தெளிவாக, கேட்கிறவர்களுக்கு நம்பிக்கை வருகிற மாதிரி.

"அவசியம் சொல்றேம்மா."

அவள் முகம் மலர்ந்தது. திரும்பிப் போய்க் கணவனிடம், "ஐயா சொல்றேன்னுட்டாரு," என்றாள். பெயிண்டர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி, மெல்ல, இரண்டு முயற்சியில் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டார்.

"நிக்கறீங்களே சார். உட்காருங்க," என்றார்.

அவர் உட்கார்ந்தார்.